மெய்நிகர்ப் பொறிகளும் நினைவகப் பங்கீடும்

புனே நகரின் வடமேற்கே, முளா ஆற்றங்கரையில் பாணேர் என்னும் பகுதி உள்ளது. முன்னர் வயலும் குன்றும் சூழ்ந்த சிற்றூராக இருந்த இவ்விடத்தில் இன்று மென்பொருள் நிறுவனங்கள் செறிந்துள்ளன. இதனை அடுத்த பாஷாணில் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் அமைந்திருக்கிறது. 2024-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்ற 'அர்கா' என்னும் மீத்திறன் கணிப்பொறி இந்நிறுவனத்திற்குரியது. அதன் திறன் 11.77 பெட்டாஃபிளாப், அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 11,770 இலட்சம் கோடி கணக்குகள் ஆகும். இதே நகரில் தேசியத் தகவலியல் மையம் தன் தேசியத் தரவு மையங்களுள் ஒன்றையும் நடத்தி வருகிறது.

இவ்விரண்டும் கணிப்பொறிக் கூடங்களேயாயினும், இவற்றில் நடைபெறும் பணியின் இயல்பு வேறுபட்டது. வானிலைக் கணிப்பில் நிலவுலகின் மேற்பரப்பும் அதன்மேலுள்ள காற்றுமண்டலமும் சிறு சிறு கட்டங்களாகப் பகுக்கப்படுகின்றன. ஒவ்வொரு செயலியும் தனக்குரிய கட்டங்களைக் கணித்து, அண்டைக் கட்டங்களின் விடையைப் பெற்று, அடுத்த படிக்குச் செல்கிறது. ஒரு செயலி தாமதித்தால் மற்றவையும் அதற்காகக் காத்து நிற்கும். ஆதலின், இத்தகைய வேலைக்கு நினைவகத்தை முழுமையாக ஒதுக்கிக் கொடுத்துவிடுவதே பொதுவான வழக்கம். அலுவலகப் பணி அத்தன்மையது அன்று. ஓர் அலுவலகத்தின் கணிப்பொறி காலை 11 மணிக்கு மும்முரமாக இருக்கும். மாலை ஏழு மணிக்கு ஓய்ந்து கிடக்கும். தேர்வு முடிவுகளை வெளியிடும் பொறிக்கு ஆண்டில் சில நாட்களே உச்ச வேலை. இவை ஒவ்வொன்றிற்கும் தனித்தனிப் பொறி வாங்கி வைப்பின், பெரும்பாலான நேரம் அவை மின்சாரத்தை உண்டு சும்மா இருக்கும். மத்திய அரசு 2014-ஆம் ஆண்டில் 'மேகராஜ்' என்ற பெயரில் தொடங்கிய தேசிய மேகக்கணினிச் சேவை, இவ்வகைத் தேவைகள் பலவற்றைச் சில பெரிய பொறிகளிலேயே கூட்டாக நிறைவேற்றுவதை நோக்கமாகக் கொண்டது. பயிர் விவரங்களைப் பதிவு செய்யும் களப்பணியாளரும், மாணவர் விவரங்களை ஏற்றும் ஆசிரியரும் இத்தகைய கூட்டுப் பொறிகளையே நாள்தோறும் தம்மையறியாமல் பயன்படுத்துகின்றனர். கடைசித் தேதியன்று பதிவு ஏறாமல் சக்கரம் சுழன்றுகொண்டே இருப்பதன் காரணங்களுள் ஒன்று, இக்கட்டுரையின் பொருளாகிய நினைவகப் பங்கீட்டில் அடங்கியிருக்கிறது.

மெய்நிகர்ப் பொறி என்றால் என்ன என்பதை முதலில் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஒரு பெரிய கணிப்பொறியின்மீது 'ஹைப்பர்வைசர்' எனப்படும் மேற்பார்வை நிரல் ஒன்று இயங்குகிறது. அது அப்பொறியின் செயலி, நினைவகம், தட்டு ஆகியவற்றைப் பங்கிட்டு, பல சிறு பொறிகள் தனித்தனியே இருப்பது போன்ற தோற்றத்தை உண்டாக்குகிறது. இச்சிறு பொறி ஒவ்வொன்றிலும் லினக்ஸோ விண்டோஸோ முழுமையாக இயங்கும். தான் தனிப்பொறியில் இருப்பதாகவே அது கருதும். தாங்கி நிற்கும் பெரிய பொறியை இங்குத் தாய்ப்பொறி என்று குறிப்போம். 'மெய்நிகர்' என்னும் சொல் மொழிபெயர்ப்பாளர்க்குச் சற்று மனநிறைவு தருவது. பொய்யென்றும் சொல்லாமல் மெய்யென்றும் சொல்லாமல் மெய்க்கு நிகர் என்று நிறுத்திக்கொள்கிறது. பொருளும் அதுவே.

இக்கருத்து புதியது அன்று. 1960-களிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வாளர் ஒரு பொறியைப் பலவாகக் காட்டும் அமைப்புகளை இயக்கினர். 1972-இல் அந்நிறுவனம் வி.எம்./370 என்னும் அமைப்பை வெளியிட்டது. 1998-இல் தோன்றிய வி.எம்.வேர் நிறுவனம் இதனை எளிய வகைச் செயலிகளுக்கும் கொணர்ந்தது. 2007-இல் லினக்ஸின் கருநிரலிலேயே கே.வி.எம். என்னும் பகுதி சேர்க்கப்பட்டது. புனேயில் 1988-இல் நிறுவப்பட்ட சி-டாக் அமைப்பின் சென்னைப் பிரிவு 'மேக்தூத்' என்ற மேகக்கணினித் தொகுப்பைத் திறந்த மூல நிரல்களைக் கொண்டே உருவாக்கியது.

ஏரியும் ஆயக்கட்டும்

செயலியைப் பங்கிடுதல் எளிது. ஒரு பொறிக்குச் சில ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி கொடுத்துவிட்டு, அடுத்ததற்குத் திருப்பிவிடலாம். நேரம் கடந்ததும் அது தானே திரும்பி வந்துவிடுகிறது. நினைவகம் அவ்வாறன்று. அது நேரம் போன்றதன்று, நிலம் போன்றது. ஒருவர் பிடித்து வைத்திருக்கும் வரை மற்றவர்க்கு இல்லை.

நம் நாட்டு ஏரிப்பாசனத்தை அறிந்தவர்க்கு இதனை விளக்குவது கடினமன்று. ஏரியின் ஆயக்கட்டு முழுவதும் ஒரே நாளில் தலைநீர் கேட்டால் கொடுக்க இயலாது. ஒருவர் நாற்று விடும்போது மற்றவர் களை எடுப்பார் என்ற நம்பிக்கையின்மேல்தான், மடை வழியே ஒரே நேரத்தில் விடக்கூடிய நீரைக்காட்டிலும் மிகுந்த நிலம் ஆயக்கட்டில் சேர்க்கப்படுகிறது. முறை வைத்துத் தண்ணீர் திருப்புபவர் நீர்க்கட்டி. மெய்நிகர்ப் பொறிகளின் உலகில் மேற்பார்வை நிரலே நீர்க்கட்டி ஆகும். உதாரணமாக, 64 ஜிகாபைட் நினைவகமுள்ள தாய்ப்பொறியில் தலைக்கு 8 ஜிகாபைட் என்று 10 சிறு பொறிகளுக்கு வாக்களித்தால், வாக்கு 80, கையிருப்பு 64. இதற்கு மிகை வாக்களிப்பு என்று பெயர் சூட்டலாம். இது ஏமாற்று அன்று. ஆனால் இது எந்த நம்பிக்கையின்மேல் நிற்கிறது என்பதை மறந்தால் ஏமாற்றமாக முடியும்.

கேட்டபோது கொடுத்தல்

நினைவகம் 'பக்கம்' என்னும் அளவால் பங்கிடப்படுகிறது. ஒரு பக்கம் வழக்கமாக 4,096 பைட், அதாவது 4 கிலோபைட். 8 ஜிகாபைட்டில் இத்தகைய பக்கங்கள் 20,97,152 உள்ளன. மெய்நிகர்ப் பொறி ஒன்று தொடங்கப்படும்போது இவ்வளவு பக்கங்களும் உடனே கொடுக்கப்படுவதில்லை. எண்கள் மட்டுமே கொடுக்கப்படுகின்றன. அப்பொறி ஒரு பக்கத்தை முதன்முதலில் தொடும்போது செயலி ஒரு தடங்கலை எழுப்பும். மேற்பார்வை நிரல் அக்கணத்தில் உண்மையான பக்கம் ஒன்றை எடுத்து, அவ்வெண்ணோடு இணைத்துவிட்டு, வேலையைத் தொடரச் செய்யும். தொடாத பக்கத்திற்குச் செலவில்லை.

இந்த இணைப்பைக் குறித்துவைக்க இரண்டு அடங்கல்கள் தேவைப்படுகின்றன. சிறு பொறியினுள் இயங்கும் லினக்ஸ், தன் நிரல்களுக்குரிய முகவரியைத் தன் பக்க எண்ணாக மாற்றும் அடங்கல் ஒன்றை வைத்துக்கொள்கிறது. அந்தப் பக்க எண்ணைத் தாய்ப்பொறியின் உண்மையான பக்க எண்ணாக மாற்றும் அடங்கல் மேற்பார்வை நிரலிடம் இருக்கிறது. கிராமக் கணக்கிலுள்ள பழைய புல எண்ணை மறுநில அளவையின் புதிய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை இது ஒக்கும். முன்னாளில் இந்த இரட்டை வேலையை நிரலே செய்ததால் காலதாமதம் மிகுந்தது. 2007, 2008-ஆம் ஆண்டுகளில் ஏ.எம்.டி., இன்டெல் நிறுவனங்கள் இதனைச் செயலியிலேயே அமைத்தன. எனினும் அடங்கல்கள் ஒவ்வொன்றும் நான்கு படி கொண்டவை. ஒரு முகவரியைத் தேட, மிகக் கெட்ட நிலையில், 24 முறை நினைவகத்தைப் பார்க்க நேரிடும். அண்மையில் தேடிய விடைகளைச் செயலி தன்னிடமே ஒரு சிறு பட்டியலில் வைத்திருப்பதால்தான் இச்சுமை நமக்குத் தெரிவதில்லை.

கொடுத்ததைத் திரும்பப் பெறுதல்

கொடுப்பது இவ்வளவு எளிதாயின், திரும்பப் பெறுவதில் என்ன இடர்ப்பாடு? சிறு பொறியினுள் ஒரு நிரல் வேலை முடிந்து தன் பக்கங்களை விட்டுவிடுகிறது. உள்ளிருக்கும் லினக்ஸ் அவற்றைத் தன் காலிப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் இதை வெளியே யாரிடமும் சொல்வதில்லை; சொல்ல வேண்டிய தேவை இருப்பதாகவும் அதற்குத் தெரியாது. தாய்ப்பொறியின் கணக்கில் அப்பக்கங்கள் இன்னும் வழங்கப்பட்டவையாகவே நிற்கின்றன. இதற்கு மேலும், சும்மா கிடக்கும் பக்கங்களில் தட்டிலிருந்து படித்த கோப்புகளைத் தேக்கி வைப்பது இன்றைய இயங்குதளங்களின் வழக்கம். ஆகவே ஒரு மெய்நிகர்ப் பொறி சில நாட்கள் ஓடியபின், தேவை சிறிதேயாயினும், வெளியிலிருந்து பார்க்குங்கால் வயிறு நிறைந்தே காணப்படும்.

மேற்பார்வை நிரல் வலிந்து சில பக்கங்களைப் பிடுங்கித் தட்டில் எழுதிவிடலாம். இதற்கு 'ஸ்வாப்' என்பது வழக்கு. ஆனால் எந்தப் பக்கம் முக்கியமானது, எது பயனற்றது என்பதை அது அறியாது. உள்ளே காலிப் பட்டியலில் கிடக்கும் குப்பையைக்கூட அருமையாகத் தட்டில் எழுதிவைக்கும். அடுத்த நொடி தேவைப்படும் பக்கத்தையும் வெளியேற்றிவிடும். இதன் விலை என்ன? நினைவகத்தைப் பார்க்க ஏறத்தாழ 100 நானோ வினாடி ஆகிறது. சுழலும் தட்டில் தேட 10 மில்லி வினாடி. முன்னதை ஒரு நிமிடமாக நீட்டினால், பின்னது 69 நாட்களுக்குமேல் ஆகும். குறைகடத்தியால் ஆன புதிய தட்டுகளில் இது பதினாறு, பதினேழு மணியாகக் குறையும். பரவாயில்லை எனலாமே ஒழிய, நல்லது எனல் இயலாது.

இந்தச் சிக்கலுக்கு அழகிய விடை ஒன்றை வி.எம்.வேர் நிறுவனத்தைச் சேர்ந்த கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002-இல் வெளியிட்ட ஆய்வுரையில் விளக்கினார். அதன் பெயர் பலூன் முறை. சிறு பொறியினுள் ஒரு சிறிய துணை நிரலை வைக்கிறார்கள். தாய்ப்பொறியில் நெருக்கடி ஏற்படும்போது மேற்பார்வை நிரல் அத்துணை நிரலிடம், 'ஊது' என்று கட்டளையிடும். துணை நிரல் தான் இருக்கும் இயங்குதளத்திடம் மற்ற நிரல்களைப் போலவே நினைவகம் கேட்கும். இயங்குதளம் முதலில் காலிப் பக்கங்களைக் கொடுக்கும். பின்னர்த் தேக்கி வைத்த பழைய கோப்புகளை விட்டுக்கொடுக்கும். எது வேண்டாதது என்பதை அறிந்தது அதுவே அன்றோ! துணை நிரல் தான் பெற்ற பக்கங்களைத் தொடுவதில்லை. அவற்றின் எண்களை மட்டும் வெளியே தெரிவிக்கும். மேற்பார்வை நிரல் அப்பக்கங்களை மற்றொரு பொறிக்கு வழங்கிவிடும். நெருக்கடி தீர்ந்ததும் பலூன் சுருங்கி, பக்கங்கள் உள்ளே திரும்பும். வீட்டுக்காரரைக் கேளாமல் பரண்மீதுள்ளதை அள்ளிச் செல்வதற்கும், வீட்டுக்காரரையே எது வேண்டாமென்று எடுத்துத் தரச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இது.

இம்முறை இன்று பரவலாக வழங்குகிறது. கே.வி.எம். அமைப்பிலும் பலூன் உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஹைப்பர்-வி, தொடக்க அளவு, குறைந்த அளவு, மிகுந்த அளவு என மூன்றைக் குறித்துக் கொடுத்தால், அவற்றினிடையே தேவைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் வழங்குகிறது. 2020-இல் வெளிவந்த லினக்ஸ் 5.7 பதிப்பு முதல், காலிப் பக்கங்களைச் சிறு பொறி தானே தாய்ப்பொறிக்கு அறிவிக்கும் வசதியும் சேர்ந்துள்ளது.

யாரிடமிருந்து வாங்குவது என்பது அடுத்த கேள்வி. வால்ட்ஸ்பர்கர் இதற்குச் 'சும்மா கிடக்கும் நினைவகத்திற்கு வரி' என்னும் வழியைக் காட்டினார். வரி விகிதம் 75 விழுக்காடு எனின், உழைக்கும் பக்கத்தைப் போல் நான்கு மடங்கு விலை சோம்பிக் கிடக்கும் பக்கத்திற்கு விதிக்கப்படும். ஆகவே அதிகம் சோம்பியிருக்கும் பொறியே முதலில் இழக்கும். சோம்பலை எவ்வாறு அளப்பது? இருபது இலட்சம் பக்கங்களையும் கண்காணித்தல் இயலாது. களப்பணியாளர் பயிர் அறுவடைப் பரிசோதனையில் செய்வதையே இங்கும் செய்தனர். குருட்டுவாக்கில் 100 பக்கங்களைத் தேர்ந்து, அவற்றின் இணைப்பை அறுத்துவிட்டு, 30 வினாடி பார்த்திருப்பர். அவற்றுள் 30 பக்கங்கள் தொடப்பட்டால், அப்பொறி தன் நினைவகத்தில் 30 விழுக்காட்டைப் பயன்படுத்துகிறது என்பது மதிப்பீடு. இதன் திட்டப்பிழை ஏறத்தாழ 4.6 விழுக்காடு. புள்ளியியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் இக்கணக்கை மாணவரைக் கொண்டே போட்டுப் பார்க்கச் செய்யலாம்.

ஒரே பக்கம் பலர்க்கு

பத்துச் சிறு பொறிகளிலும் ஒரே லினக்ஸ் இயங்கினால், அதன் கருநிரல் பத்துப் படியாக நினைவகத்தில் கிடக்கும். வெறும் சுழிகளே நிறைந்த பக்கங்களும் ஏராளம் இருக்கும். இவற்றுள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எல்லோர்க்கும் அதையே காட்டலாம். எவரேனும் அதில் எழுத முற்பட்டால் அப்போது தனிப்படி எடுத்துக் கொடுத்தால் போதும். 2009 முடிவில் வெளியான லினக்ஸ் 2.6.32 பதிப்பில் சேர்ந்த கே.எஸ்.எம். என்னும் பகுதி இவ்வேலையைச் செய்கிறது. தலைக்கு ஒரு ஜிகாபைட் என 52 விண்டோஸ் எக்ஸ்.பி. பொறிகளை 16 ஜிகாபைட் தாய்ப்பொறியில் இயக்கிக் காட்டியதாக அதனை உருவாக்கியோர் அறிவித்தனர். நடைமுறையில் கிடைக்கும் மிச்சம் இவ்வளவு இராது. வால்ட்ஸ்பர்கர் மூன்று இடங்களில் அளந்தபோது, ஒரே வகை விண்டோஸ் பொறிகள் இருந்த இடத்தில் சுமார் மூன்றிலொரு பங்கும், வெவ்வேறு வேலை செய்த லினக்ஸ் பொறிகள் இருந்த ஓரிடத்தில் 7 விழுக்காடுமே மீந்தது.

இதில் ஓர் அபாயமும் மறைந்திருந்தது. பகிரப்பட்ட பக்கத்தில் எழுதும்போது தனிப்படி எடுக்க வேண்டியிருப்பதால் சற்றே நேரம் மிகும். ஆகவே ஒரு பொறியிலிருப்பவர் ஒரு பக்கத்தைத் தாமே உண்டாக்கி, சிறிது காத்திருந்து, அதில் எழுதி நேரத்தை அளந்தால், அதே பக்கம் அண்டைப் பொறியிலும் உள்ளதா என்பதை ஊகித்துவிடலாம். அண்டை வீட்டில் எந்த நிரல், எந்தப் பதிப்பு ஓடுகிறது என்பது இவ்வாறு வெளிப்படக்கூடும் என்பதை 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர் சுசாகியும் அவர்தம் துணைவரும் செய்து காட்டினர். 2014 இறுதியில் வி.எம்.வேர் நிறுவனம், வெவ்வேறு பொறிகளுக்கிடையே பக்கம் பகிர்வதை, கேட்டாலொழிய இல்லை என்று மாற்றிவிட்டது. ஒரே துறைக்குரிய, ஒரே வகையான பொறிகளுக்கிடையே பகிர்வு பொருந்தும். ஒருவர்க்கொருவர் அறிமுகமில்லாத அலுவலகங்கள் ஒரு தாய்ப்பொறியில் குடியிருக்கும்போது, அந்தச் சிறு சிக்கனத்திற்காக இந்தச் சாளரத்தைத் திறந்துவைப்பது தகாது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

எல்லோரும் ஒரே நாளில் கேட்டால்

ஆயக்கட்டு முழுவதும் ஒரே நாளில் நீர் கேட்கும் நிலைக்கு இப்போது வருவோம். தேர்வு முடிவு நாள், விண்ணப்பத்தின் இறுதி நாள், ஓய்வூதியர் வாழ்நாள் சான்று அளிக்கும் நவம்பர்த் திங்கள் என்பன பலர்க்கும் பொதுவானவை. பத்துப் பொறிகளும் தத்தம் எட்டு ஜிகாபைட்டையும் கேட்கும்போது பலூனை எவரிடம் ஊதுவது? எல்லாப் பக்கமும் உழைக்கும் பக்கமே. வேறு வழியின்றி ஸ்வாப் தொடங்கும். வெளியேற்றிய பக்கம் மறுகணமே தேவைப்படும். அதைக் கொணர மற்றொன்றை வெளியேற்ற வேண்டும். வேலை நடப்பதைவிடப் பக்கங்கள் போவதும் வருவதுமே மிகும். இந்நிலையைப் பீட்டர் டென்னிங் என்பார் 1968-லேயே ஆராய்ந்து எழுதினார். அக்காலத்துச் சிறு பொறிகளுக்குச் சொன்னது இன்றும் மாறவில்லை. பொறியின் வேகம் படிப்படியாகக் குறைவதில்லை; ஓர் எல்லையைக் கடந்ததும் திடீரெனச் சரிகிறது.

அதற்கும் அப்பால் ஒரு நிலை உண்டு. நினைவகமும் ஸ்வாப் இடமும் தீர்ந்துவிடின், லினக்ஸ் தாய்ப்பொறி ஏதேனும் ஒரு நிரலைக் கொன்று தன்னைக் காத்துக்கொள்ளும். பெரும்பாலும் நினைவகத்தை மிகுதியாகப் பிடித்திருக்கும் நிரலே பலியாகும். கே.வி.எம். முறையில் ஒரு முழு மெய்நிகர்ப் பொறியே தாய்ப்பொறியின் கண்ணுக்கு ஒரு நிரல்தான். ஆகவே பலியாவது ஓர் அலுவலகத்தின் பொறி முழுவதுமாக இருக்கலாம்; அதிகம் உழைத்ததே அதன் குற்றமாக முடியும்.

ஆதலால் எல்லாப் பொறிகளையும் மிகை வாக்களிப்பில் சேர்த்தல் கூடாது. தரவுத்தளம் இயங்கும் பொறிக்குக் கேட்ட அளவை முழுதும் ஒதுக்கிப் பூட்டிவிட வேண்டும். அது கொடுத்த நினைவகத்தையெல்லாம் தேக்கமாகவே பயன்படுத்துமாதலின் பலூனால் பெறும் இலாபமும் இல்லை. பயிற்சிப் பொறிகள், சோதனைப் பொறிகள், இரவில் மட்டும் அறிக்கை தயாரிப்பவை முதலியன தாராளமாகப் பங்கிடத் தக்கன. உச்ச நாட்கள் ஒன்றாக வரும் இரு துறைகளை ஒரே தாய்ப்பொறியில் வைக்காமல், ஒன்றுக்கு ஏப்ரலும் மற்றொன்றுக்கு நவம்பரும் உச்சமாக அமையும்படி சேர்ப்பது, நினைவகம் வாங்குவதைவிட மலிவான வழி. எந்த நாளில் பதிவுகள் குவியும் என்பதை மையத்திலுள்ள பொறியாளர் அறியார். கிராமத்திலும் பள்ளியிலும் இருப்போரே அறிவர். அத்தேதியைத் துறை அலுவலகத்திற்கு முன்கூட்டி எழுதித் தெரிவித்தல் பயனுடையது.

வகுப்பில் ஒரு செயல்முறை

ஆசிரியர்கள் இதனைக் கணிப்பொறியின்றியே நடத்திக் காட்டலாம். இருபத்து நான்கு வெற்றுச் சீட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, நான்கு குழுக்களிடம் தலைக்குப் பத்துச் சீட்டு உண்டென்று வாக்களிக்க வேண்டும். ஒவ்வொரு குழுவும் தான் போடும் கூட்டல் கணக்கின் இடைவிடைகளைச் சீட்டுக்கு ஒன்றாக எழுத வேண்டும். கேட்கும்போது ஒவ்வொன்றாகச் சீட்டு வழங்கப்படும். கையிருப்புத் தீர்ந்ததும், முதல் முறையில், ஆசிரியர் ஏதேனும் ஒரு குழுவிடமிருந்து பாராமலே ஒரு சீட்டை எடுத்து, அதிலுள்ளதைத் தாழ்வாரத்தின் கோடியில் வைத்த குறிப்பேட்டில் எழுதிவிட்டு, அழித்துப் பிறர்க்குக் கொடுக்க வேண்டும். அவ்விடை மீண்டும் வேண்டுமாயின், மாணவர் தாழ்வாரக் கோடிக்கு நடந்து சென்று பார்த்து வர வேண்டும். இரண்டாம் முறையில், குழுவுக்கு ஒருவரைப் பலூனாக நியமித்து, குழுவே வேண்டாத சீட்டைத் தேர்ந்து கொடுக்கச் செய்ய வேண்டும். மூன்றாம் முறையில், நான்கு குழுக்களுக்கும் பத்துச் சீட்டும் தேவைப்படும் நீண்ட கணக்கை ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். மூன்றிற்கும் ஆன நிமிடங்களைக் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதிவைக்கலாம். மூன்றாம் முறையின்போது, கணக்குப் போடுவோரைவிடத் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருப்போர் எத்தனை பேர் என்பதையும் எண்ணிக் குறித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.